சர்க்கரை உள்ளவர்களுக்குக் கால் அகற்றல் குறைகிறதா, கூடுகிறதா?

கேள்வியின் சாரம் இது. ஒரு கட்டுரை, சர்க்கரை நோயால் கால் எடுப்பது இருபது ஆண்டுகளில் பாதியாகக் குறைந்துவிட்டது என்கிறது. இன்னொன்று, மறுபடி கூடிக்கொண்டிருக்கிறது என்கிறது. சர்க்கரை இல்லாதவர்களுக்கோ தொடர்ந்து குறைகிறதாம். இவற்றில் எதை நம்புவது, பல ஆண்டுகளாகச் சர்க்கரையும் மரத்துப்போன பாதமுமாக இருக்கும் அப்பாவுக்கு இந்த எண்கள் என்ன சொல்கின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு கட்டுரைகளும் பொய் சொல்லவில்லை. வேறு வேறு ஆண்டுகளையும் வேறு வேறு அறுவை சிகிச்சைகளையும் எடுத்துக்கொண்டு, இரண்டுக்கும் 'கால் அகற்றல்' என்று ஒரே பெயர் வைத்திருக்கின்றன. அதனால்தான் குழப்பம்.

முதலில் இந்தப் பெயரைப் பிரித்துக்கொள்ள வேண்டும். கணுக்காலுக்குக் கீழே எடுப்பது சிறிய அகற்றல்: ஒரு விரல், சில விரல்கள், முன்பாதத்தின் ஒரு பகுதி. கணுக்காலுக்கு மேலே எடுப்பது பெரிய அகற்றல்: முட்டிக்குக் கீழே அல்லது முட்டிக்கு மேலே. ஒரு விரலை இழந்தவர் பெரும்பாலும் தன் காலில் நடந்தே வீட்டுக்குப் போகிறார். முட்டிக்கு மேலே இழந்த முதியவர்களில் பலர் செயற்கைக் காலில் கூட மறுபடி நடப்பதில்லை. பெரிய அகற்றல் நடந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஐந்து ஆண்டுக்குள் இறந்துவிடுகிறார்கள். அறுவை சிகிச்சை மட்டும் அதற்குக் காரணமில்லை. அந்த நிலைக்கு வந்தவருக்கு இதயமும் சிறுநீரகமும் ஏற்கெனவே நலிந்திருக்கும். இந்த இரண்டு வகையையும் ஒரே கூட்டுத்தொகையாகப் போட்ட எந்த வரைபடத்தையும் நான் பாதி நம்பிக்கையோடுதான் பார்ப்பேன்.

இரு தரப்பையும் சேர்த்து நீண்ட காலம் கணக்கிட்ட நாடுகளில் ஒன்று அமெரிக்கா. மருத்துவமனைப் பதிவுகளிலிருந்து, விபத்தால் நடந்தவற்றை நீக்கி, வயது வேறுபாட்டைச் சரிக்கட்டிய கணக்கு அது. சர்க்கரை உள்ள பெரியவர்களில் ஆயிரம் பேருக்கு 2000-ல் 5.38 அகற்றல்கள் நடந்தன. 2009-ல் அது 3.07 ஆக இறங்கியது. 2015-ல் 4.62 ஆக ஏறிவிட்டது. சர்க்கரை இல்லாதவர்களில் 2000-ல் ஆயிரம் பேருக்கு 0.23, 2015-ல் 0.18. ஒரு கட்டுரை 2009-ல் நிறுத்திக்கொண்டால் 'பெரும் வெற்றி' என்று எழுதலாம். 2009-ல் தொடங்கினால் 'பேராபத்து' என்று எழுதலாம். இரண்டு புள்ளிகளையும் சேர்த்துப் பார்த்தால், சர்க்கரை உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் இடையிலான வித்தியாசம் 2000-ல் ஏறத்தாழ 23 மடங்கு, 2015-ல் ஏறத்தாழ 26 மடங்கு. இடையில் நெருங்கி வந்த இடைவெளி திரும்பவும் விரிந்துவிட்டது.

அந்த ஏற்றத்தை இன்னும் பிரித்துப் பாருங்கள். 2009-க்கும் 2015-க்கும் இடையே சிறிய அகற்றல் ஆயிரத்துக்கு 2.03-லிருந்து 3.29 ஆனது. பெரிய அகற்றல் 1.04-லிருந்து 1.34 ஆனது. கூடியதில் ஐந்தில் நான்கு பங்கு விரலும் முன்பாதமும்தான். 'பார்த்தீர்களா, காலைக் காப்பாற்றத்தானே விரலை எடுக்கிறார்கள்' என்று இதைக் காட்டி ஆறுதல் சொல்பவர்கள் உண்டு. அதில் பாதி நியாயம் இருக்கிறது. சீழ் பிடித்து எலும்பு வரை போன விரலைக் காலத்தில் எடுத்து, அடைபட்ட ரத்தக் குழாயையும் திறந்துவிட்டால், முழங்காலுக்குக் கீழே வெட்ட வேண்டிய கால் பிழைக்கும். நல்ல சிகிச்சை தரும் இடத்தில் சிறிய அகற்றல் கூடிப் பெரியது குறைவது இயல்பு. ஆனால் அமெரிக்காவில் பெரியதும் சேர்ந்தே கூடியது. அதுவும் முதியவர்களிடம் அல்ல, 18 முதல் 64 வயது வரை உள்ளவர்களிடம் கூடுதலாக. விரலைக் கொடுத்துக் காலை வாங்கினார்கள் என்ற விளக்கம் அந்தப் பகுதிக்குப் பொருந்தாது. தவிர, விரல் போனதோடு கதை முடிவதும் இல்லை. பெருவிரலை எடுத்தபின் அது தாங்கிய பாரம் பக்கத்து விரலுக்கும் அதன் அடிமேட்டுக்கும் போகிறது, அங்கே புதுப் புண் வருகிறது, மறுபடி அறுவை நடக்கிறது.

ஏன் கூடியது? இங்கேதான் உறுதியானதையும் ஊகத்தையும் பிரித்துச் சொல்ல வேண்டும். கூடியது என்பது உறுதி. காரணம் உறுதியாகவில்லை. இள வயதிலேயே இரண்டாம் வகைச் சர்க்கரை வந்து, நாற்பது வயதுக்குள் பதினைந்து ஆண்டு நோய் சேர்ந்துவிட்டவர்கள் பெருகியிருப்பது ஒரு காரணமாக இருக்கலாம். மருத்துவச் செலவுக்கு அஞ்சிப் புண்ணைத் தாமதமாகக் காட்டுவது இன்னொன்று. அறுவை நிபுணர்களின் வழக்கம் மாறியது மூன்றாவது. ஒரு காரணத்தை மட்டும் ஓரளவு தள்ளிவைக்கலாம். கனகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரை அகற்றல்களை, பெரும்பாலும் விரல் அகற்றலை, கூட்டுகிறது என்று 2017-ல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது. அதை எடுத்தவர்களில் ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு 6.3, எடுக்காதவர்களில் 3.4. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கடும் எச்சரிக்கை விதித்தது. பின்னர் வந்த ஆய்வில் அத்தகைய வேறுபாடு தெளிவாகத் தெரியாததால் 2020-ல் அந்த உச்ச எச்சரிக்கையை நீக்கியது. அந்த மாத்திரை சந்தைக்கு வந்ததே 2013-ல்தான். 2009-லிருந்தே தொடங்கிய ஏற்றத்தை அதன் தலையில் கட்ட முடியாது.

இறக்கத்தையும் அதே கண்டிப்போடு பார்க்க வேண்டும். நாற்பது வயதுக்கு மேற்பட்ட, சர்க்கரை உள்ள அமெரிக்கர்களில் 1996-ல் ஆயிரத்துக்கு 11.2 ஆக இருந்த அகற்றல் 2008-ல் 3.9 ஆனது. மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது மலைக்க வைக்கிறது. ஆனால் நடுவில் நோயின் வரையறை மாறிவிட்டது. வெறும் வயிற்றில் 140 மில்லிகிராம் இருந்தால்தான் சர்க்கரை நோய் என்றிருந்ததை 1997-ல் 126 ஆக இறக்கினார்கள். அதன் பின்னும், 2010-ல், எச்பிஏ1சி என்ற மூன்று மாதச் சராசரிச் சர்க்கரைப் பரிசோதனையில் 6.5 சதவீதம் என்ற அளவும் சேர்ந்தது. இதன் விளைவு எளிய கணக்கு. ஆயிரம் நோயாளிகளில் பத்துப் பேருக்கு அகற்றல் நடக்கிறது என்று வையுங்கள். புது வரையறையால், பாதத்தில் எந்தக் கோளாறும் இல்லாத இன்னும் ஐந்நூறு பேர் பட்டியலில் சேர்கிறார்கள். இப்போது 1,500 பேரில் அதே பத்து, அதாவது ஆயிரத்துக்கு 6.7. ஒரு பாதத்தைக்கூட யாரும் காப்பாற்றவில்லை, விகிதம் மட்டும் மூன்றில் ஒரு பங்கு இறங்கிவிட்டது. இதே கணக்கு எதிர்த்திசையிலும் வேலை செய்யும். அமெரிக்காவில் புதிதாகச் சர்க்கரை கண்டறியப்படுவோர் விகிதம் 2009 வாக்கில் உச்சம் தொட்டுக் குறையத் தொடங்கியது. பட்டியலில் புதியவர்கள் குறைந்து, நெடுநாள் நோயாளிகளின் பங்கு கூடினால், சிகிச்சை மோசமாகாமலே விகிதம் ஏறும். 2009-க்குப் பிந்தைய ஏற்றத்தில் இதற்கும் ஒரு பங்கு இருக்கக்கூடும். முழுப் பங்கு என்று நான் நினைக்கவில்லை, ஏனென்றால் இளையவர்களிடம்தான் ஏற்றம் செங்குத்தாக இருக்கிறது.

அப்படியானால் குறைந்ததெல்லாம் கணக்கு வித்தைதானா? இல்லை. அதற்குச் சான்று சின்ன ஊர்களிலிருந்து வருகிறது. இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகரில், பாத நிபுணர், சர்க்கரை மருத்துவர், ரத்தக்குழாய் அறுவை நிபுணர் ஆகியோர் ஒரே குழுவாக வேலை செய்யத் தொடங்கியபின் பதினொரு ஆண்டுகள் ஒவ்வோர் அகற்றலையும் நேரடியாக எண்ணினார்கள். சர்க்கரை உள்ள பத்தாயிரம் பேருக்குப் பெரிய அகற்றல் 36.4-லிருந்து 6.7 ஆனது. மொத்த மக்கள்தொகையை அடியில் வைத்துப் பார்த்தாலும், அதாவது சர்க்கரை நோயின் வரையறை மாற்றம் தொட முடியாத கணக்கிலும், பெரிய அகற்றல் 62 சதவீதம் குறைந்தது. பின்லாந்தில் 1997-க்கும் 2007-க்கும் இடையே சர்க்கரை உள்ளவர்களின் முதல் பெரிய அகற்றல் ஏறத்தாழ பாதியானது. 1989-ல் ஐரோப்பிய நாடுகளின் செயின்ட் வின்சென்ட் பிரகடனம், சர்க்கரையால் கால் அழுகி நடக்கும் அகற்றல்களை ஐந்தே ஆண்டில் பாதியாக்க வேண்டும் என்று இலக்கு வைத்தபோது அது பகற்கனவு போலத் தெரிந்தது. குழுவாக வேலை செய்த இடங்களில், ஐந்து ஆண்டில் இல்லாவிட்டாலும், அதற்கும் மேலேயே நடந்திருக்கிறது.

சர்க்கரை இல்லாதவர்களின் பக்கம் கொஞ்சம் எளிது. அவர்களுக்குக் கால் போவது பெரும்பாலும் ரத்தக் குழாய் அடைப்பால். அதற்கு முதல் காரணம் புகைபிடித்தல். புகைபிடிப்போர் குறைந்ததும், ரத்த அழுத்தத்துக்கும் கொழுப்புக்கும் மாத்திரைகள் பரவியதும், கத்தி வைக்காமல் பலூனாலும் ஸ்டென்டாலும் குழாயைத் திறக்கும் வசதி வந்ததும் சேர்ந்து அந்த எண்ணைக் கீழே இழுத்திருக்கின்றன. மிச்சம் இருப்பவர்களில், புகையால் இளைஞர்களின் சிறு குழாய்கள் அடைபடும் பர்ஜர் நோய் உள்ளவர்கள், இதயத் துடிப்புக் கோளாறால் ரத்தக் கட்டி காலுக்கு வந்து சிக்கியவர்கள், புற்றுநோய் உள்ளவர்கள் இருக்கிறார்கள். சர்க்கரை இல்லாதவர்களில் வழக்கமாக வரும் குழாய் அடைப்பு பெரும்பாலும் இடுப்பிலும் தொடையிலும் இருக்கும். சர்க்கரை உள்ளவருக்கு முட்டிக்குக் கீழே உள்ள மெல்லிய குழாய்களில் இருக்கும். சர்க்கரை உள்ளவர்களின் அகற்றல்களில் விரல் அதிகமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். 'சர்க்கரை இல்லாதவர்' என்ற கட்டத்துக்குள், சர்க்கரை இருந்தும் பரிசோதிக்கப்படாதவர்களும், மருத்துவமனைத் தாளில் அதைக் குறிக்க மறந்தவர்களும் ஒளிந்திருக்கிறார்கள் என்பதையும் மனதில் வையுங்கள். பதிவு ஒழுங்கானாலே சிலர் இந்தக் கட்டத்திலிருந்து அந்தக் கட்டத்துக்கு நகர்வார்கள்.

இனி உங்கள் அப்பா. ஆயிரத்துக்கு 4.62 என்றால், சர்க்கரை உள்ள ஆயிரம் பேருக்கு அந்த ஆண்டில் ஐந்துக்கும் குறைவான அகற்றல்கள்தான் நடந்தன என்று பொருள். 'சர்க்கரை வந்தால் கால் போகும்' என்ற பேச்சை இந்த எண் ஆதரிக்கவில்லை. ஆனால் அந்த ஆபத்து எல்லார் மேலும் சமமாகப் பரவிக் கிடப்பதில்லை. பாதம் மரத்தவர், ரத்த ஓட்டம் குறைந்தவர், விரல் வளைந்தோ பாதம் கோணியோ இருப்பவர், முன்பு புண் வந்து ஆறியவர், டயாலிசிஸில் இருப்பவர் ஆகியோர் மேல் அது குவிந்திருக்கிறது. அப்பாவுக்கு மரத்துப்போயிருக்கிறது என்கிறீர்கள். ஆகவே சராசரியை அவருக்குப் பொருத்த வேண்டாம். சர்க்கரைப் பாதத்துக்கான சர்வதேசப் பணிக்குழுவின் வழிகாட்டுதல்படி, மரப்பும் இல்லை, ஓட்டக் குறைவும் இல்லை என்றால் ஆண்டுக்கு ஒருமுறை பாதப் பரிசோதனை போதும். இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை. இரண்டும் சேர்ந்தால், அல்லது அவற்றில் ஒன்றோடு பாதத்தின் வடிவமும் மாறியிருந்தால், 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை. அவற்றில் ஒன்றோடு முன்பு புண், அகற்றல் அல்லது இறுதிக்கட்டச் சிறுநீரக நோய் இருந்தால் 1 முதல் 3 மாதத்துக்கு ஒருமுறை.

மரப்பின் அளவை வீட்டிலேயே ஓரளவு அறியலாம். அவர் கண்ணை மூடிக்கொள்ளட்டும். உங்கள் ஆள்காட்டி விரல் நுனியால் இரண்டு பாதத்திலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஒவ்வொன்றாக, ஒன்றிரண்டு வினாடி, மெல்லத் தொடுங்கள். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, தடவவும் கூடாது. அழுத்தினால் ஆழத்தில் உள்ள வேறு நரம்பு பதில் சொல்லிவிடும். ஆறு இடங்களில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் காக்கும் உணர்ச்சி போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். மருத்துவமனையில் இதையே 10 கிராம் மோனோஃபிலமென்ட் என்ற நைலான் இழையால், அது வளையும் வரை அழுத்திப் பார்ப்பார்கள். காய்ப்பின் மேல் வைத்துப் பார்த்தால் முடிவு தவறும்.

ஏன் இந்த அளவுக்கு மரப்பைப் பற்றிச் சொல்கிறேன் என்றால், சர்க்கரை உள்ளவர்களின் அகற்றல்களில் ஏறத்தாழ 85 சதவீதத்துக்கு முன்னால் ஒரு பாதப் புண் இருந்திருக்கிறது. அந்தப் புண் அடிக்கடி பிறக்கும் இடங்களில் ஒன்று பெருவிரலுக்குக் கீழே பாதம் மேடாக இருக்கும் பகுதி. அங்கே தோல் தடித்துக் காய்ப்பாகிறது. வலிக்காததால் அதன்மேலேயே நடக்கிறார். தடித்த தோல் உள்ளிருக்கும் மெல்லிய தசையை ஒவ்வோர் அடியிலும் நசுக்குகிறது. காய்ப்புக்குள் கருஞ்சிவப்பாக ஒரு புள்ளி தெரிந்தால் அது அழுக்கு அல்ல, உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது. பாத நிபுணர் அந்தக் காய்ப்பைச் சீவி எடுக்கும்போது அடியில் ஏற்கெனவே குழிப்புண் இருப்பது அடிக்கடி காணும் காட்சி. வீட்டில் பிளேடால் சீவுவதும், ஆணி எடுக்கும் அமிலப் பட்டையை ஒட்டுவதும் வேண்டவே வேண்டாம். மரத்த காலில் வெட்டு எவ்வளவு ஆழம் போனது என்று வெட்டுபவருக்கும் தெரியாது, வெட்டுப்பட்டவருக்கும் தெரியாது.

புண் வந்துவிட்டால் எங்கே தவறுகிறது? முதல் தவறு, மருந்து வைத்துக் கட்டிவிட்டு அதே காலில் நடக்க விடுவது. அடிப்பாதப் புண்ணுக்கு முதல் மருந்து பாரத்தை இறக்குவதுதான். ஓட்டக் குறைவோ தொற்றோ குறிப்பிடத்தக்க அளவில் இல்லாதபோது, முட்டிக்குச் சற்றுக் கீழே வரை வரும், கழற்ற முடியாத மாவுக்கட்டு அல்லது அதுபோன்ற பூட்சுக்கே முதலிடம். கழற்றக்கூடியதைக் கொடுத்தால் கழற்றிவிடுவார்கள். நடையை அளந்து பார்த்த ஆய்வில், நோயாளிகள் தங்கள் அன்றாட நடமாட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே அதை அணிந்திருந்தார்கள். இரண்டாவது தவறு, ரத்த ஓட்டத்தைத் தவறாக அளப்பது. கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்து 0.9-க்கு மேல் என்றால் சரி என்பார்கள். நெடுநாள் சர்க்கரையில் குழாயின் சுவரில் சுண்ணாம்பு படிந்து, பட்டையால் அழுத்த முடியாதபடி இறுகிவிடும். அப்போது 1.4-க்கு மேலேகூட வரும், அது ஆரோக்கியம் அல்ல, நோய். கால் விரலின் ரத்த அழுத்தத்தை அளக்கச் சொல்லிக் கேளுங்கள். அது 30 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே இருந்தால் உடனடியாக ரத்தக்குழாய் நிபுணரிடம் போக வேண்டும், குழாயைத் திறக்காமல் விரலை எடுத்தால் அந்தக் காயமும் ஆறாது. மூன்றாவது, எலும்புத் தொற்றை எக்ஸ்ரேயை மட்டும் வைத்து இல்லை என்று விடுவது. தொடக்க இரண்டு வாரம் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். மருத்துவர் கிருமி நீக்கிய உலோகக் குச்சியைப் புண்ணுக்குள் விட்டுப் பார்க்கும்போது எலும்பு தட்டுப்பட்டால் சந்தேகம் வலுவாகிறது.

புண் இல்லாமலே ஒரு பாதம் மட்டும் சிவந்து, சூடாகி, வீங்கினால் அது சார்க்கோ பாதமாக இருக்கலாம். உள்ளே எலும்புகள் நொறுங்கிக்கொண்டிருக்கும், வலி கொஞ்சமாகவே இருக்கும். யூரிக் அமிலம் என்றோ சுளுக்கு என்றோ நினைத்து நடக்க விட்டால் பாதம் தட்டையாகிக் கோணிவிடும். தினமும் இரண்டு பாதத்திலும் ஒரே இடங்களில் வெப்பம் அளந்து, 2.2 டிகிரி செல்சியஸுக்கு மேல் வித்தியாசம் இரண்டு நாள் தொடர்ந்தால் நடையைக் குறைத்து மருத்துவரிடம் காட்டும் முறை, ஆபத்து மிகுந்தவர்களுக்குப் புண் வராமல் தடுக்க உதவுகிறது.

சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் கால் தப்புமா என்பதற்குப் பதில் இரு வகைக்கும் ஒன்றல்ல. முதல் வகைச் சர்க்கரையில் கட்டுப்பாடு நரம்பு பாதிப்பைத் தெளிவாகக் குறைக்கிறது. இரண்டாம் வகையில் அந்தப் பயன் குறைவு. ஏற்கெனவே மரத்துப்போன பாதத்துக்கு உணர்ச்சி திரும்பும் என்று எதிர்பார்க்க முடியாது. புகையை விடுவதன் பயனில் அந்தத் தயக்கம் எனக்கு இல்லை. ஆறிய புண்ணும் பெரும்பாலும் ஓய்வெடுக்கிறதே தவிர ஒழிவதில்லை, ஓராண்டுக்குள் ஏறத்தாழ 40 சதவீதம் பேருக்குத் திரும்ப வருகிறது.

எண்களைப் பற்றி இன்னும் ஒன்று. 'உலகில் 30 வினாடிக்கு ஒரு கால் போகிறது' என்ற வாசகம் 2005-லிருந்து சுற்றி வருகிறது. அது சில நாடுகளின் விகிதத்தை உலகத்துக்கு விரித்த மதிப்பீடு, யாரும் எண்ணிப் பார்த்ததல்ல. அதே போல ஓரிடத்தில் அகற்றல் குறைவு என்பதாலேயே அங்கே பாதங்கள் நலமாக இருக்கின்றன என்று ஆகாது. அறுவை நிபுணரிடம் போய்ச் சேராமலே இறந்தவர்கள் எந்தப் பட்டியலிலும் வருவதில்லை.

அப்பாவின் பாதத்தில் எந்தப் புண் வந்தாலும் ஓரிரு நாளில் காட்டிவிடுங்கள். புண்ணைச் சுற்றிச் சிவப்பு 2 சென்டிமீட்டர் தாண்டினாலும், விரல் கருத்தாலும், நாற்றம் வந்தாலும், நேற்று வரை கட்டுக்குள் இருந்த சர்க்கரை காரணமில்லாமல் எகிறினாலும் அன்றே மருத்துவமனை. கடும் தொற்றிலும் பலருக்குக் காய்ச்சல் வருவதில்லை, மரத்த காலில் வலியும் இருக்காது. ஆகவே அவை இரண்டும் இல்லை என்பதற்காக மறுநாளைக்குத் தள்ளிப்போட வேண்டாம்.